முறைப்பாட்டு சேரின் பூட்டிய அறை

கொழும்பில் முறைப்பாடு சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. பஸ்ஸில், வங்கியில், கோயில் வாசலில், எங்கே நின்றாலும் பக்கத்தில் நிற்பவர் எதையாவது குறை சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் அதைக் கேட்பதற்கென்றே பிறந்த மனிதர் இந்த நகரத்தில் ஒருவர்தான். முறைப்பாட்டு சேர் என்பது நாங்கள் வைத்த பெயர். பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான அவருக்கு நீளமான ஒரு பெயரும் அதைவிட நீளமான பட்டங்களும் இருந்தன. அவற்றை அவரே மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

நாடு வங்குரோத்தாகி, பெற்றோல் வரிசைகள் ஓய்ந்த பிறகு அரசாங்கத்துக்குத் திடீரென்று பல்கலைக்கழகங்களின் ஞாபகம் வந்தது. பொருளாதாரத்தைத் தூக்கி நிறுத்த நீங்களும் தோள் கொடுங்கள் என்று சுற்றறிக்கை அனுப்பினார்கள். உடனே பீடத்துக்குப் பீடம் ஒரு புத்தாக்க நிலையம் முளைத்தது. எங்கள் பொறியியல் பீடத்தில் அது பழைய சைக்கிள் ஷெட்டில் முளைத்தது. ரிப்பன் வெட்டினார்கள், விளக்கேற்றினார்கள், பற்றிஸ் சாப்பிட்டார்கள். எல்லாரும் போன பிறகு ஷெட்டில் மிஞ்சியது சேரும் ஒரு மேசையும்தான். அறிக்கை எழுத ஆள் வேண்டுமென்று பிறகு என்னையும் சேர்த்தார்கள்.

நேர்முகத் தேர்வில் அவர் என் சான்றிதழ்களைத் தொட்டும் பார்க்கவில்லை.

"உமக்கு என்ன முறைப்பாடு, தம்பி?"

"ஒண்டும் இல்லை சேர்."

அவருடைய முகம் வாடிவிட்டது. "கொழும்பில இருந்துகொண்டு ஒரு குறையும் இல்லையெண்டால், ஒண்டில் நீர் பொய் சொல்லுறீர், இல்லாட்டி கண்ணை மூடிக்கொண்டு திரியிறீர். ரெண்டும் இந்த வேலைக்குச் சரிவராது."

வேலை கைநழுவுகிற பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். "கொட்டாஞ்சேனையில காலமை பஸ் நிக்கிறேல்லை சேர். கையைக் காட்டக் காட்டப் போயிடும்."

"அப்பிடிச் சொல்லும்," என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வேலை கிடைத்தது. அன்றிலிருந்து நான் 'பஸ் நிக்காத தம்பி'. அவருக்கு ஒருவருடைய பெயரும் நினைவில் நிற்காது. முறைப்பாடு மட்டும் சாகும்வரை நிற்கும். ஜிந்துப்பிட்டியில் பப்படம் போடுகிற ஒரு அம்மாவை 'மழைக்குக் காயாதவ' என்பார். எங்கள் உபவேந்தரை, அவர் இல்லாத இடத்தில், 'ஏசி குளிர் கூடினவர்' என்பார்.

அவருடைய கொள்கை சின்னது. இறுதியாண்டு மாணவர் எவரும் இணையத்தில் தேடிச் செயற்திட்டத்துக்குத் தலைப்புப் பிடித்துக்கொண்டு வரக்கூடாது. ஒரு முறைப்பாட்டோடு வரவேண்டும். முறைப்பாட்டுக்காரரையும் கையோடு கூட்டிவரவேண்டும். இதனால் பீடத்தின் வரவேற்பறையில் தையற்காரர், பேக்கரிக்காரர், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர் என்று எந்நேரமும் நாலு பேர் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் பீடாதிபதி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இது கெம்பஸா, பொலிஸ் ஸ்டேஷனா?" என்று கேட்டார். சேருக்கு அது பாராட்டாகப் பட்டது.

வேலை நேரம் முடிந்தால் முடிந்தது என்கிற பழக்கமும் அவரிடம் இல்லை. வெள்ளவத்தையில் ஒரு செத்தவீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். துக்கம் விசாரித்த கையோடு, பெட்டி கொண்டுவந்தவர்களிடம் மெல்ல நகர்ந்துபோய், "உங்களுக்கு இந்த வேலையில என்ன கரைச்சல்?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் அவர்களுக்குச் சொல்ல நிறைய இருந்தது. இந்த ஃப்ளாட்டுகளின் லிஃப்ட்டுக்குள் சவப்பெட்டி நுழையாது. மேல்மாடியில் ஒருவர் கண்ணை மூடினால் படிக்கட்டு வழியே தோளில் தூக்கித்தான் இறக்கவேண்டும். திருப்பத்துக்குத் திருப்பம் பெட்டி சரியும், பெத்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அந்த வருடம் இரண்டு மாணவர்கள் படியில் பெட்டி சரியாமல் இறக்குவதற்கு ஒரு சட்டகம் செய்தார்கள். இன்றைக்கும் அது பாவனையில் இருக்கிறது என்று கேள்வி.

ஷெரின் வந்தது அடுத்த வருடம். கொட்டாஞ்சேனைப் பிள்ளை, எங்கள் சேர்ச் பக்கம்தான் வீடு. அவள் கூட்டிவந்த முறைப்பாட்டுக்காரர் மைக்கல் என்கிற த்ரீவீல்காரர்.

"காலமையில மீன்காரங்கதான் சேர் என்ட ஹயர்," என்றார் மைக்கல். "ரெஜிஃபோம் பெட்டியில இருந்து ஐஸ் உருகி, மீன் தண்ணி சீட்டெல்லாம் ஊத்தும். அதுக்குப் பிறகு கந்தோருக்குப் போற மிஸ் ஏறுவா. மூக்கைப் பொத்திக்கிட்டு இறங்கிருவா. சென்ட் அடிச்சுப் பார்த்தேன் சேர். அது இன்னும் மோசம்."

ஷெரின் ஒரு பெட்டி செய்தாள். அடியில் ஒரு தட்டு. உருகிய தண்ணீர் அதற்குள் இறங்கி நிற்கும். சின்னக் குழாயைத் திறந்தால் வீதியோரக் கானில் விட்டுவிடலாம். த்ரீவீலின் பின்தளத்தில் அளவாக உட்காரும். முதல் பெட்டி ஒழுகியது. இரண்டாவது ஒழுகவில்லை, ஆனால் மூடி திறக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. மூன்றாவதை மைக்கல் திருப்பித் தர மறுத்துவிட்டார். பக்கத்து ஸ்டாண்டில் உள்ளவர்களும் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு அவுஸ்திரேலிய விசா வந்தது. அண்ணன் மெல்பேர்னில் இருந்தான். கொழும்பில் விசா வந்த வீடு எப்படியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஷெரின் மட்டும் சிரிக்கவில்லை. ஷெட்டுக்கு வந்து சேருக்கு முன்னால் நின்றாள்.

"சேர், எனக்குப் போக ஆசையில்ல. ஆனா பெட்டி செய்ய ஒரு இடம் வேணும். நிலையத்துக்கு அடுத்த வருஷமும் ஃபண்ட் வந்தா இங்கேயே நிண்டு செய்வேன். வராட்டி அண்ணா டிக்கெட் போட்டிருவார்."

அமைச்சிலிருந்து ஒரு குழு வரவிருந்தது. எந்த நிலையம் இருக்கும், எது மூடப்படும் என்று அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். பீடமே கல்யாணவீடு போல ஆனது. வாசலில் வணக்கம் சொல்வதற்குப் பக்கத்துப் பீடத்து நிலையத்தார் ஒரு ரோபோவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சேர் தன் பங்குக்கு மைக்கலையும் த்ரீவீலையும் ஒரு பெட்டி மீனையும் வரவழைத்தார்.

குழுத் தலைவர் வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு பெரிய அதிகாரி. எத்தனை காப்புரிமை, எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று சிங்களத்தில் கேட்டார். "ஒண்டும் இல்லை," என்றார் சேர், அதே சிங்களத்தில். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டக் காட்ட, அவரிடமே கேட்டுவிட்டார். "மஹத்தயாவுக்கு என்ன முறைப்பாடு?"

பீடாதிபதி சுவரைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி கொஞ்சம் யோசித்தார். "போகிற இடமெல்லாம் இதே ரோபோ நிற்கிறது," என்றார்.

அதன் பிறகு அவர் தானாகவே த்ரீவீலில் ஏறினார். பக்கத்தில் மீன் பெட்டி. மைக்கலுக்குப் பெருமை தாங்கவில்லை. வளாகத்தைச் சுற்றி ஓட்டியவர், வேகத்தடையையும் அதே பெருமையோடு கடந்தார். மூடி எகிறி, ஒரு பாரை மீன் அதிகாரியின் மடியில் வந்து படுத்தது. திரும்பி வந்து இறங்கியபோது அவர் மீனைக் கையில் வைத்திருந்தார். குனிந்து தளத்தையும் சீட்டையும் விரலால் தடவிப் பார்த்தார். காய்ந்துபோய் இருந்தது.

"தண்ணீர் இல்லை," என்றார் மெதுவாக. "எனக்கு இது பிடித்திருக்கிறது. ஆனால் எங்களுக்குத் தந்திருக்கிற விதிகளில் இதை எங்கே சேர்ப்பது என்றுதான் தெரியவில்லை."

அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை போலும். நிதி ரோபோவுக்குப் போனது. எங்கள் ஷெட் மூடப்பட்டது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த நாடு பிள்ளைகளை இலவசமாகப் படிப்பித்து, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பிறகு கூட்டம் போட்டு வளர்ச்சியைத் தேடுகிறது. அதை இன்றைக்கும் என்னால் அமைதியாகச் சொல்ல முடியவில்லை.

ஷெரின் விடைபெற வந்தபோது நானும் சேரின் வெள்ளவத்தை ஃப்ளாட்டில் இருந்தேன். அங்கே அவர் தனியாகத்தான் வாழ்ந்தார். மனைவி காலமாகிப் பல காலம். ஒரே மகன் டொரன்டோவில். அவனும் பொறியியல் படித்தவன். இங்கே வேலைக்கு அலைந்து பார்த்துவிட்டுப் போனான். அவன் போன நாளிலிருந்து அவனுடைய அறை பூட்டியே கிடந்தது. எத்தனையோ தடவை போயிருந்தும் அந்தக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. ஊரெல்லாம் முறைப்பாடு கேட்ட மனிதர் தன்னுடைய முறைப்பாட்டை மட்டும் ஒருவரிடமும் சொன்னதில்லை.

ஷெரின் ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவர் எழும்பிப் போய் அந்த அறைப் பூட்டின் திறப்பை எடுத்துவந்து அவள் கையில் வைத்தார்.

"இடம்தானே வேணும் எண்டனீர்? இந்தா இருக்கு. கட்டிலை இண்டைக்கே கழட்டலாம். பஸ் நிக்காத தம்பியும் நிக்கிறார், பிடிப்பார்."

அவள் திகைத்துப்போனாள். "சேர், மகன் வந்தா எங்க படுப்பார்?"

"வந்தால் ஹோலில படுக்கட்டும்," என்றார். "அவன் வெளிக்கிடேக்க நில்லடா எண்டு சொல்ல என்னட்டை ஒரு காரணம் இருக்கேல்லை. போனவனுக்கெண்டு அறையைப் பூட்டி வைச்சுக்கொண்டு, நிக்கிறன் எண்டு சொல்லுற பிள்ளையையும் அனுப்பிவிடச் சொல்லுறீரோ?"

நாங்கள் மூன்று பேருமாகக் கட்டிலைக் கழற்றினோம். ஜன்னலைத் திறந்தபோது கடற்காற்று வந்தது, அத்தனை வருடத் தூசியும் எழும்பியது. சேர் தும்மினார். கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

ஷெரின் போகவில்லை. இன்றைக்குக் கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் ஓடுகிற த்ரீவீல்களில் அவளுடைய பெட்டிகளைப் பார்க்கலாம். எல்லாம் அந்த அறையில் பிறந்தவை. வெட்டுகிற சத்தம் தாங்காமல் கீழ்வீட்டு அம்மா மேலே ஏறிவந்து, "உங்கட வீட்டுச் சத்தத்தில எனக்குப் பிரஷர் கூடுது," என்று சத்தம் போட்டார். சேர் முகமெல்லாம் மலர்ந்து கதிரை இழுத்துப் போட்டார். "இருங்கோ, இருங்கோ. எந்த நேரம் சத்தம் கூட? எந்தச் சுவர்ப் பக்கம்?" அடுத்த கிழமையே இயந்திரத்தின் காலுக்கு ரப்பர் வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு அதன் பிறகு சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விட்டது என்பது சேருக்குக் கொஞ்சம் கவலை.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். முழங்கால் வலி, வெளியே போவது குறைவு. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போவேன். மணியடித்ததும் உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஆர், பஸ் நிக்காத தம்பியோ? என்ன, இப்ப நிக்குதோ?"

"இல்லை சேர், இன்னும் நிக்கிறேல்லை," என்பேன்.

"விடக்கூடாது. வாரும், இருந்து விபரமாச் சொல்லும்," என்று கதவைத் திறப்பார்.

கொட்டாஞ்சேனையில் பஸ் இப்போதெல்லாம் ஒழுங்காக நிற்கிறது. நான் கையை நீட்டுவதற்கு முன்பே நிற்கிறது. அதை மட்டும் நான் அவருக்குச் சொல்லவே மாட்டேன்.