மருமகன் உயர்த்திய சமையல் மேடை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமா அவர்களுக்கு, மருமகன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உங்கள் மகளும் நலம் என்று உங்களை நம்பவைக்கத்தான் இந்தக் கடிதமே.

"முதுகுவலியோட எம்பொண்ண வேலை வாங்குறீங்களா, ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று நீங்கள் போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் இல்லாத வீட்டில் என்னால் இருக்க முடியாது, மாமா. நானும் சும்மா இருக்கவில்லை. நாளெல்லாம் நின்றபடி முடிவெட்டுகிறவளுக்கு மெத்தை ஆகாது என்று யாரோ சொல்ல, அதைச் சுருட்டிப் பரணில் போட்டுப் பலகையில் படுக்க வைத்தேன். முதுகோடு இடுப்பும் பிடித்துக்கொண்டது. சரி, குனிந்து சமைப்பதுதான் காரணம் என்று முடிவுகட்டி, அவள் வேலைக்குப் போன நேரமாகப் பார்த்து, சமையல் மேடையின் கல்லைப் பெயர்த்துச் செங்கல் வைத்து உயர்த்திப் பூசிவிட்டேன். கொத்தனார் புத்தி வேறெங்கே போகும்? அவசரத்தில் என் உயரத்துக்கே அளவெடுத்துத் தொலைத்தேன். சாயந்திரம் வந்தவள் எக்கிப் பார்த்துவிட்டு, "அடுப்பு தெரியுது, சட்டிக்குள்ள என்ன வேகுதுன்னுதான் தெரியல" என்றாள்.

கடைசியில் விஷயத்தைப் பிடித்தவர் அவளுடைய முதலாளியம்மா. "முதுகுல ஒண்ணுமில்லடி, நீ உள்ள போடுறதுதான் அளவு சரியில்ல" என்று கையோடு கடைக்கு இழுத்துப் போயிருக்கிறார். அங்கே ஒரு பெண் டேப் வைத்து அளந்து, அகலமான பட்டை வைத்த உள்ளாடையாக எடுத்துக் கொடுத்தாளாம். மாமனாருக்கு எழுதுகிற விஷயமா இது என்று கேட்காதீர்கள், பேனா கூசத்தான் செய்கிறது. ஆனால் கொடியில் காய்ந்தபோது கவனித்தேன். பாரம் முழுக்க அந்தக் கீழ்ப்பட்டையில் நிற்கிறது, தோளில் தொங்கவில்லை. தூண் தாங்க வேண்டியதைக் கூரையில் தொங்கவிட்டால் விரிசல் விடாமல் என்ன செய்யும்? இத்தனை வீடு கட்டின எனக்கு இது தோன்றவே இல்லை, மாமா. இப்போது நிமிர்ந்து நடக்கிறாள். வேலை விட்டு வந்தும் ஏதோ பாட்டு முணுமுணுக்கிறாள். கேட்கிற எனக்கு மனசு நிறைந்துபோகிறது.

ஆகையால் தாங்கள் பஸ் ஏறிச் சிரமப்பட வேண்டாம். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் இருவர் ஆசியும் எங்களுக்கு என்றும் வேண்டும்.

இப்படிக்கு,
மருமகன்

பி.கு.: மேடையை இன்னும் இடிக்கவில்லை. "உங்க உயரத்துக்குத்தானே கட்டினீங்க, நீங்களே நின்னு சமைங்க" என்று சொல்லிவிட்டாள். மெத்தையையும் பரணிலிருந்து இறக்கி அவளே எடுத்துக்கொண்டாள், பலகை எனக்கு. நேற்றிலிருந்து என்னால் நிமிர முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அவசியம் வாருங்கள், மாமா. கூட்டிக்கொண்டு போக வேண்டிய ஆள் நான்தான், பெட்டியோடு தயாராக இருக்கிறேன்.