மூலையில் வாடிய இரண்டு வரிசை

பெருமதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்குத் தம்பி வணங்கி எழுதுவது.

நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். தோட்டத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போனவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறை? இங்கே எல்லாரும் நலம் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இனி உண்மையைச் சொல்கிறேன். இதைப் படித்ததும் பதறிப்போய்ப் புறப்பட்டு வர வேண்டாம். அப்பாவுக்கு முடியாமல் போனபோது வராதவர், தக்காளிக்காக வந்தால் ஊர் சிரிக்கும். போனும் செய்ய வேண்டாம். செய்தால், "உனக்கென்னப்பா, மாசமானா சம்பளம், பறிச்சா விளைச்சல், ரெண்டு பக்கமும் வருது" என்பீர்கள். இத்தனை வருஷமாக இதே பாட்டு. இரண்டு பக்கமும் வருவது அடிதான் அண்ணா, அதை ஒருநாளும் நீங்கள் விசாரித்ததில்லை.

விடியுமுன் எழுந்து தோட்டத்தில் இறங்குகிறேன். வெயில் ஏறியதும், மூலை வரிசைக்குப் போகும் சொட்டுநீர்க் குழாயைக் கழற்றி, அந்தத் தண்ணீரில் ஷூவைக் கழுவிக்கொண்டு ஆபீசுக்கு ஓடுகிறேன். பயிர்நோய் ஆய்வு அதிகாரி சேற்றுக்காலோடு வரக் கூடாதாம், மேலதிகாரி அம்மாவின் உத்தரவு. ஆபீசில் என்னைத் தோட்டக்காரர் என்கிறார்கள். தோட்டத்தில் என் மனைவி ஆபீசர் என்கிறாள். இரண்டுமே மரியாதையாகச் சொல்வதில்லை. எந்தச் சாமான் எந்த உத்தியோகத்துக்கு என்பதே மறந்துபோயிற்று. ஆபீஸ் ரப்பர் முத்திரை தக்காளிப் பெட்டிக்குள் விழுந்து மார்க்கெட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஆபீசில் கொடுத்த கத்தி எந்த வரப்பில் கிடக்கிறதோ, வீட்டுக் கத்தியைத்தான் இரண்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறேன். அந்தக் கத்தியும் சுலபத்தில் கைக்கு வராது, ஒரு ஜாடிப் பாலில் நின்றுகொண்டிருக்கும். கத்தியைப் பாலில் நனைத்து வெட்டினால் செடிக்குச் செடி வைரஸ் தொற்றாது என்று நான் ஒரு கூட்டத்தில் பேசினேன். கூட்டத்தில் கேட்டவர்களில் அதைக் கடைப்பிடிக்கிற ஒரே ஆள் என் மனைவி. காலையில் என் காப்பிக்குப் பால் இருக்காது, கத்திக்கு இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. மனைவி வண்டியில் தக்காளி ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். நான் மட்டும் தோட்டத்தைச் சுற்றி வந்தேன். மூலையில் இரண்டு வரிசை, அடிக்கிளை முதல் நுனி வரை, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறது. இலை பச்சை மாறவில்லை, ஆனால் உயிர் இல்லை. இது வாடல் நோய்க்கு அச்சு அசலான அடையாளம். மண்ணில் இருந்து வரும் கிருமி, ஒரு ஷூ அடியில் ஒட்டிய சேறு போதும், அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். வந்துவிட்டால் மருந்து கிடையாது. முழுத் தோட்டத்தையும் பிடுங்கி எரித்து, மூன்று வருஷத்துக்கு அங்கே தக்காளி என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்பது விதி. அந்த விதியைப் பாமரருக்கும் புரிகிற நடையில் எழுதி அச்சடித்துக் கொடுத்தவன் நான்தான்.

கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீரில் படும்படி பிடித்தேன். கிருமி இருந்தால் வெட்டிய இடத்திலிருந்து வெள்ளை நூல் மாதிரி கீழே இறங்கும். இறங்கியது அண்ணா. பாம்புக்குட்டி மாதிரி நெளிந்து நெளிந்து இறங்கியது. அப்படியே அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். டம்ளரை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். யாரிடமிருந்து ஒளித்தேன் என்று கேட்காதீர்கள், வீட்டில் நானும் டின்னும்தான் இருந்தோம்.

இதில் பயங்கரம் எது தெரியுமா? பக்கத்துத் தோட்டத்து மிலிட்டரி. உங்களோடு ஒரே பெஞ்சில் படித்தாரே அவர்தான்; பட்டாளத்தில் ஒருநாளும் இருந்ததில்லை, மீசைக்கு வைத்த பெயர். போன மாதம் அவர் தக்காளி வாடி நின்றது. ஆபீஸ் முறையில் நான்தான் போனேன். இதே மாதிரி தண்டை வெட்டி டம்ளரில் பிடித்தேன், இதே வெள்ளை நூல். "தம்பி, மோட்டார் பழுதாயிடுச்சு, ஒரு வாரமா தண்ணி பாய்ச்சல. அதனாலதான் வாடுது, வேற ஒண்ணும் இல்ல" என்றார். நான் சிரித்தேன். "எல்லாரும் இதைத்தாங்க சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு, கிருமியைப் பற்றி அரைமணி நேரம் வகுப்பெடுத்தேன். லேபுக்கு அனுப்பினால் பதில் வருவதற்குள் பரவிவிடும் என்று, என் அனுபவத்தின் மேலேயே உத்தரவு போட்டேன். காய் பழுக்கிற சமயம். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தானே பிடுங்கித் தானே தீ வைத்தார். அன்று முதல் தினமும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எனக்குச் சல்யூட் அடிக்கிறார். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம் அண்ணா, சல்யூட்டை எப்படித் தாங்குவது? சாப்பிடும்போதும் அந்தக் கை என் கண்முன் நிற்கிறது. இன்று காலை மூலை வரிசையைப் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட நேரம் எடுத்து அடித்தார்.

அவர் தோட்டத்துக் கிருமியை என் ஷூவில் ஒட்டவைத்து நானே வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன், வேறு வழியே இல்லை. நாளைக் காலை மேலதிகாரி அம்மா, நமது தோட்டத்தை முன்மாதிரித் தோட்டம் என்று காட்ட ஒரு பஸ் நிறைய விவசாயிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். மறைத்தால் வேலை போகும், சொன்னால் தோட்டம் போகும். விடிவதற்குள் இரண்டு வரிசையையும் பிடுங்கிவிடலாம் என்று மண்வெட்டியைக்கூட எடுத்தேன். வேலியில் மீசை தெரிந்தது, வைத்துவிட்டேன். ஆகவே நாளை பஸ்ஸை வாசலிலேயே நிறுத்தி எல்லார் முன்னாலும் சொல்லிவிடப் போகிறேன். என் தோட்டத்தை நானே எரிப்பேன். அவருக்கு ஒரு சட்டம் எனக்கு ஒரு சட்டம் என்று ஒருவன் பேசக் கூடாது. தோட்டம் இனி உங்கள் பங்குக்கும் ஆகாது, என் பங்குக்கும் ஆகாது. அப்பாவின் கைக்கடிகாரத்தையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தருவதாகச் சொன்னது அவருக்கும் எனக்கும் தெரியும்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நோயும் நொடியும் இல்லாத ஒரு தொழிலில், ஒரே ஒரு தொழிலில் அமர வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
இரண்டு உத்தியோகத்துத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மனைவி வந்துவிட்டாள். வண்டியை விட்டு இறங்கும்போதே சத்தம்.

"மூலைக் குழாயை யாரு கழட்டிப் போட்டது?"

"ஷூ கழுவினேன்."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"திரும்ப மாட்டுனீங்களா?"

நான் மாட்டக் குனிந்தேன். "ரெண்டு நாளா ஒரு சொட்டு தண்ணியில்லாம இந்த வெயில்ல நின்னா செடி தொங்காம நடனமா ஆடும்?" என்று சொல்லிவிட்டுக் குழாயை மாட்டினாள். "அது வேற, இது வேற" என்று டின்னுக்குப் பின்னாலிருந்து டம்ளரை எடுத்துக் காட்டினேன். முகர்ந்து பார்த்தாள்.

"எந்தக் கத்தியில வெட்டுனீங்க?"

"நம்ம கத்திதான்."

"பால்ல இருந்ததையா? தொடைச்சீங்களா?"

கத்தியைக் கழுவித் துடைத்து, வேறொரு தண்டை அவளே வெட்டி டம்ளரில் பிடித்தாள். இருவரும் டம்ளரையே பார்த்தோம். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள், நானும் சிரித்தேன். முதலில் நிறுத்தியது அவள்தான்.

"மிலிட்டரி அண்ணன் தோட்டத்துக்கு எந்தக் கத்தியக் கொண்டுபோனீங்க?"

அண்ணா, மேலே வர வேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடுங்கள். கடிதம் கண்டதும் புறப்பட்டு வாருங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், பக்கத்தில் நின்றால் போதும். பொழுது சாய்ந்துவிட்டது, மூலை வரிசை இரண்டும் நிமிர்ந்து நிற்கிறது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவர் கூப்பிடுகிறார், இன்று சல்யூட் இல்லை. "தம்பி, காலையில செத்துக் கிடந்துச்சே, இப்ப ஜம்முன்னு நிக்குதே! என்ன மருந்து போட்டீங்க? சொல்லுங்க, மூணு வருஷம் கழிச்சு நமக்கும் உதவும்."