கப்பலில் இருக்கும் அக்கா

"சின்னப் பிள்ளைங்க இருக்கிறவங்க கையைத் தூக்குங்க," என்றார் மேனேஜரம்மா.

அவள் கை பாதி உயர்ந்துவிட்டது. சட்டென்று அதைத் தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டாள்.

எடை மெஷின் செய்யும் அந்தக் கம்பெனியில் அவளுக்குக் 'கிராம்' என்று பெயர். ஒரு கிராம் பிசகினாலும் மெஷினை வெளியே விடமாட்டாள் என்பதால் பேக்கிங் அண்ணன் வைத்த பட்டப்பெயர். அப்படிப்பட்டவள், வேலைக்குச் சேரும்போது ஒரு பெண் குழந்தையையே முழுசாக மறைத்திருந்தாள். "குழந்தை உண்டா?" என்று இன்டர்வியூவில் இதே மேனேஜரம்மா கேட்டார். வெளியே நாற்காலிகளில் இன்னும் பலர் காத்திருந்தார்கள். "இல்ல மேடம்," என்று வாய் சொல்லிவிட்டது.

இப்போது கம்பெனி குழந்தைகள் காப்பகத்துக்கு வவுச்சர் தரப்போகிறதாம். சம்பளத்தில் ஒரு பகுதியை வவுச்சராக வாங்கிக்கொண்டால் அதற்கு வரி கிடையாது. கம்பெனியும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். காப்பகமோ அடுத்த தெருவில். இதுவரை மகள் குட்டியைப் பார்த்துக்கொண்ட மாடிவீட்டம்மா இந்த மாதத்தோடு வீட்டைக் காலி செய்கிறார்.

"உண்மையைச் சொல்லிடு," என்றான் கணவன். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன்.

"வேலை போயிடும்."

"அப்ப நான் வண்டியிலயே கூட்டிட்டுப் போறேன். ஸ்ட்ரெச்சர்ல நல்லா தூங்குவா."

"விளையாடாதீங்க."

மறுநாள் அவள் மேனேஜரம்மாவின் அறைக்குப் போனாள். உண்மையைச் சொல்லத்தான் போனாள்.

"மேடம், வீட்டுல ஒரு குழந்தை இருக்கு. வந்து, என்னோடது இல்ல. அக்கா பொண்ணு."

மேனேஜரம்மா பேனாவை மூடினார். "அக்கா எங்க?"

"கப்பல்ல." ஏன் கப்பல் என்று அவளுக்கே தெரியவில்லை.

"கப்பல்ல என்ன பண்றாங்க?"

"டாக்டர்."

மேனேஜரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் பிடிபட்டுவிட்டது என்று அவள் கதவுப் பக்கம் பார்த்தாள்.

"கூடப்பிறந்தவங்க பிள்ளைக்கும் உண்டுன்னு விதியில முதல்லயே எழுதிட்டேன்," என்றார் கடைசியில். "வாங்கிக்கோங்க."

கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று நினைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள்.

வவுச்சர் வந்ததும் வீடு மாறிப்போனது. கணவன் ராத்திரி டியூட்டி முடிந்து வந்து நிம்மதியாகத் தூங்கினான். குட்டி வீட்டில் யாருக்கும் தெரியாத பாட்டெல்லாம் கற்றுக்கொண்டு வந்தாள். அவளும் பகல் முழுக்கக் கடிகாரத்தைப் பார்க்காமல் மெஷினைப் பார்த்தாள்.

ஆனால் விஷயம் பேக்கிங் பிரிவுக்குப் பரவிவிட்டது.

"பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிறியேம்மா," என்றார் பேக்கிங் அண்ணன். "உன்னைப் பத்தி வீட்டுல சொன்னேன். என் சம்சாரம் அழுதுட்டா."

அவள் பாதிச் சாப்பாட்டோடு டப்பாவை மூடிவைத்தாள்.

அதோடு விட்டார்களா? அக்கா எந்தக் கடலில் இருக்கிறாள், எப்போது வருவாள், கப்பலில் ஊசி போடும்போது கை ஆடாதா என்று தினமும் விசாரணை. பேச்சை முடித்துவிடலாம் என்று ஒருநாள், "கொஞ்ச நாளா அக்காகிட்ட இருந்து போனே இல்ல," என்றாள்.

மறுநாள் சாப்பாட்டு அறையில் அவள் நுழைந்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பேக்கிங் அண்ணன் எழுந்து வந்து ஒரு கரடி பொம்மையை அவள் கையில் வைத்தார். எல்லோரும் சேர்ந்து வாங்கியதாம்.

"தாயில்லாப் பிள்ளைன்னு யாரும் சொல்லக்கூடாதும்மா. நாங்க இருக்கோம்."

அவள் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அதையும் அக்காவுக்காக அழுததாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வாரமே அறிவிப்பு வந்தது. வவுச்சர் திட்டம் நன்றாக நடப்பதால் எல்லோரும் காப்பகத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.

வேறு வழியில்லை. ராத்திரி குட்டியை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஒரு விளையாட்டு. அம்மாவை என்னன்னு கூப்பிடணும்?"

"அம்மா."

"சித்தின்னு கூப்பிடணும்."

"சித்தி அம்மா."

"அம்மா வேண்டாம். வெறும் சித்தி."

குட்டி வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பிறகு தெளிவாக, "சித்தி. சரியா சொன்னேனா?" என்று கேட்டாள். வாசலில் நின்றிருந்த கணவன் செருப்பை மாட்டிக்கொண்டு டியூட்டிக்குப் போனான். அவன் ஒரு கிண்டலாவது செய்திருக்கலாம்.

காப்பகத்தில் பிள்ளைகள் சறுக்குமரத்தில் இருந்தார்கள். மேனேஜரம்மா ஒரு கோடியில், பிள்ளைகளிடமிருந்து தள்ளியே நின்றார். போட்டோக்காரர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார். அவளும் கரடி வாங்கித் தந்தவர்களோடு சேர்ந்து நின்று சிரித்தாள்.

அப்போதுதான் குட்டி சறுக்குமரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தாள்.

எழுந்தபோது முழங்காலில் ரத்தம். உதடு பிதுங்கியது. கூட்டத்தில் தேடி அவளைக் கண்டுபிடித்துவிட்டு, "அ..." என்று வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டாள். அழுகையை விழுங்கினாள்.

"சித்தி, வலிக்குது சித்தி." மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்: "சரியா சொன்னேனா?"

அவள் ஓடிப்போய் வாரி எடுத்துக்கொண்டாள். "அம்மா இருக்கேன்டா கண்ணு. அம்மாதான், அம்மாதான்."

போட்டோக்காரர் கேமராவைக் கீழே இறக்கினார்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே அவள் திரும்பினாள். நிமிர்ந்து யாரையும் பார்க்க முடியவில்லை.

"மேடம், இது அக்கா பொண்ணு இல்ல. எனக்கு அக்காவே கிடையாது. கப்பலும் கிடையாது. நான் பெத்த பொண்ணு. குழந்தை இருக்குன்னு சொன்னா வேலை கிடைக்காதுன்னு பயந்துட்டேன்."

"அப்ப உங்க அக்கா கரை சேரணும்னு நாங்க வேண்டிக்கிட்டது?" என்றார் பேக்கிங் அண்ணன்.

"மன்னிச்சிடுங்கண்ணா."

மேனேஜரம்மா அசையவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "நாளைலேருந்து வரல மேடம்," என்றாள் அவள். "இனிமே இவளை இப்படிப் பேச வைக்க என்னால ஆகாது."

பஞ்சும் மருந்துமாக வந்த காப்பக ஆயா குட்டியைக் கீழே இறக்கி நிறுத்தி, தரையில் மண்டியிட்டு அவள் முழங்காலைத் துடைத்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"அவங்களே சொல்லிட்டாங்க, நீங்களும் சொல்லிடுங்க மேனேஜரம்மா. வீட்டுல அம்மா, இங்க வந்தா அத்தைன்னு மாத்தி மாத்திக் கூப்பிட்டு உங்க பையனுக்கும் நாக்குக் குழறுது."