மெத்தையின் நடுவே தேசத் தலைவர்

தேசத்துக்குத் தலைவரும், என் அக்காளுக்குக் கணவரும், எனக்கு அத்தானுமாகிய மாண்புமிகு தங்களுக்கு, தாங்கள் விட்டுப்போன மெத்தைக் கம்பெனியைக் கட்டிக்கொண்டு அழும் மச்சான் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே வீட்டில் அனைவரும் நலம். நலமில்லாதது கம்பெனி மட்டும்தான்.

அத்தான், ஒவ்வொரு மெத்தைக்கும் நடுவில் உங்கள் சிரித்த முகத்தை அச்சடிக்கச் சொன்னவர் நீங்கள்தான். "மச்சான், வாங்குறவன் என் மூஞ்சிய நம்பி விழணும்டா" என்று சொல்லி, கடைக்கு வந்தவர்களையெல்லாம் படுத்துப் புரள வைத்த பிறகுதான் பில் போடுவீர்கள். அப்போது நீங்கள் வெறும் மெத்தை முதலாளி, யார் வேண்டுமானாலும் உங்கள் மேல் விழலாம். இப்போது டி.வி.யைப் போட்டால் நீங்கள், பஸ்ஸின் முதுகில் நீங்கள், பேப்பரைப் பிரித்தால் முழுப்பக்கம் நீங்கள். யாருக்கு விழத் தைரியம் வரும்? நேற்று புதுசாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. பொண்ணு மெத்தையைப் பார்த்தாள், உங்களைப் பார்த்தாள், "ஐயோ, இவர் ராத்திரி பூரா பார்த்துக்கிட்டே இருப்பாரே!" என்று முகத்தை மூடிக்கொண்டு ஓடியே போய்விட்டாள். அடுத்து வந்த இன்ஸ்பெக்டர் மெத்தைக்கு விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சார். சும்மா படுத்துப் பாருங்க சார்னேன், "என் வேலைக்கே வேட்டு வைக்கிறியா?"ன்னு கையை ஓங்கிட்டார். ஒரு அம்மா தெருவிளக்கு எரியலைன்னு மனு எழுதி உங்க நெத்தியில வெச்சுட்டு, ரசீது கேட்டு உட்கார்ந்துட்டாங்க.

இதைக்கூடப் பொறுத்துக்கலாம். பஞ்சு நகராம இருக்க நடுவுல கோணி ஊசியால குத்திப் பொத்தான் கட்டுவோமே, அந்தப் பொத்தான் சரியா உங்க மூக்குலதான் வரும். நம்ம தையல்காரர் இப்போ உங்க கட்சியில வட்டச் செயலாளர். "தலைவர் மூக்குல ஊசி குத்தினா கை விளங்குமா எனக்கு?"ன்னு ஊசியைக் கீழே போட்டவர் போட்டவர்தான். பொத்தான் இல்லாத மெத்தையில பஞ்சு ஒதுங்கி, ஒரு கன்னம் மட்டும் வீங்கி, பல்வலி வந்த மாதிரி குடோன் முழுக்க நீங்கதான் அடுக்கடுக்கா கிடக்கிறீங்க. ஒண்ணுகூட விக்கலை. இப்படியே போனா இந்த மாசத்தோட கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். எனக்கு நிஜமாவே பயமா இருக்கு அத்தான்.

ஆகவே, தேசத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்வார்கள், நீங்கள் ராஜினாமா செய்துவிட்டு வந்து கல்லாவில் உட்காருங்கள். முடியாதென்றால் முகத்தை எடுத்துவிட அனுமதியாவது கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால், வருகிற தேர்தலில் என் ஓட்டும் என் வீட்டுக்காரி ஓட்டும் உங்களுக்குக் கிடையாது.

அக்காளுக்கு என் அன்பு. இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் படிக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கு என் வணக்கம். தாங்கள் நூறாண்டு வாழ்ந்து, அதில் பெரும்பகுதியைக் கடையில் கழிக்க வேண்டும் என்று விரும்பும்,
உங்கள் மச்சான்.

பி.கு.: கவரை ஒட்டப்போன நேரத்தில் வாசலில் வேன் வேனாக எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து இறங்கிவிட்டார்கள் அத்தான்! ஒருத்தர் விடாமல் மெத்தையில் ஏறிக் குதித்துப் பார்க்கிறார்கள். மூக்கில் பொத்தான் கட்ட நான் முந்தி நீ முந்தி என்று ஊசிக்கு அடிதடி. குடோன் காலி. கால் நீட்டும் பக்கத்திலும் ஒரு முகம் போட்டுத் தரமுடியுமா என்று கேட்கிறார்கள். மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். ராஜினாமா என்ற பேச்சே வாயில் வரக்கூடாது, எப்பாடு பட்டாவது ஜெயித்துவிடுங்கள். நேற்று டி.வி.யில் அவர்களைத் திட்டிப் பேசினீர்களே, அதே மாதிரி தினம் ஒன்று பேசினால் போதும், நான் ராத்திரி ஷிஃப்டும் ஆரம்பித்துவிடுவேன்.