கஞ்சித் தரையில் ஒரு சிவப்புக் கார்

டிப்ளமோ படித்தவனுக்கு இன்ஜினீயரைவிட வாய் நீளம். ஒப்புக்கொள்கிறேன், நானும் அப்படித்தான் இருந்தேன்.

மெக்கானிக்கல் முடித்துவிட்டு (இரண்டு அரியர் பாக்கி, அது இப்போது எதற்கு) பிள்ளையார்பாளையத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த காலம். அக்காவுக்குத் தலை ஆடி. அவளைத் தாய்வீட்டுக்கு அழைத்துவந்த அவள் கணவர், என் மாமா, தன் அண்ணனுடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை இரவல் வாங்கி ஓட்டி வந்திருந்தார். தரையோடு தரையாக இருக்கும் வண்டி. எங்கள் தெரு நாய்கூட அதைக் குனிந்துதான் பார்த்தது.

மறுநாள் காலையில் மாமாவிடம் கெஞ்சினேன். “தெருமுனை வரைக்கும் ஒரே ஒரு ரவுண்டு மாமா.”

“போய்ட்டு வா. எந்த பட்டனையும் நோண்டாத. எங்க அண்ணன் வண்டிப்பா. ஒரு கீறல் விழுந்தாலும் உங்க அக்காதான் அந்த வீட்ல பேச்சு கேக்கணும்.”

அந்தப் பயத்தில் அக்காவே காவலுக்குப் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

சறுக்கும் கார் படம் போட்ட ஒரு பட்டன் கண்ணில் பட்டது. ட்ராக்‌ஷன் கன்ட்ரோல். சக்கரம் வழுக்கினால் வண்டியே தன்னை அடக்கிக்கொள்ளும் ஏற்பாடு. அதை அணைத்தால்தான் காரின் வீரம் தெரியும் என்று ஏதோ ஒரு வீடியோவில் ஒரு தாடிக்காரன் சொல்லியிருந்தான். அழுத்திப் பிடித்தேன். மஞ்சள் விளக்கு எரிந்தது.

“இன்னாடா, வெளக்கு எரியுது?”

“சும்மா, அழகுக்குக்கா.”

எதிர்வீட்டு சபாபதி அண்ணன் அன்றைக்குத் தெருவில் பாவு நீட்டியிருந்தார். பட்டு நூலைத் தெரு நீளத்துக்குக் கழிகளில் இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். பாவு ஒரு ஓரம், வண்டிகள் மறு ஓரம் என்பது எங்கள் தெருவின் சட்டம். அந்தப் பாவு அவர் மகளின் ஆவணி முகூர்த்தப் புடவைக்கு. மறு ஓரம்வரை கஞ்சி சொட்டி வழிந்த தரை எப்படி வழுக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? சின்ன வயதில் அதில் சறுக்கி விளையாடியே மூன்று டிராயர் கிழித்தவன் நான். டிப்ளமோ அதை மறக்கடித்துவிட்டது.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். பின்சக்கரங்கள் கஞ்சியில் நின்ற இடத்திலேயே சுழன்றன. பிறகு வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாகப் பாவைப் பார்த்துக் கிளம்பியது. அக்கா ஏகாம்பரநாதரில் ஆரம்பித்து வரதராஜப் பெருமாள் வரை கூப்பிட்டாள் (நாங்கள் சைவம்).

“பாவைத் தூக்குங்கப்பா” என்று சபாபதி அண்ணனின் குரல் கேட்டது.

கஞ்சி தடவியவர்கள், பல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோருமாகக் கழிகளோடு பாவைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். நான் அந்தப் பட்டுப் பந்தலின் அடியில் பின்பக்கமாக நுழைந்து, மறுபக்கம் வந்து, சாக்கடைக்கு ஒரு ஜாண் முன்னால் நின்றேன். ஓர் இழைகூட அறுந்துபோகவில்லை. காரிலும் கீறல் இல்லை. அதன் உடம்பெல்லாம் கஞ்சி மட்டும்தான்.

சபாபதி அண்ணன் ஜன்னல் அருகே வந்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

“எறங்கி வாப்பா. கை வலிக்குது, ஒரு கழி நீ புடி.”

மறுபடி இழுத்துக் கட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா பக்கெட்டில் தண்ணீர் கொண்டுவந்து காரைக் கழுவினார். அக்கா தன் நெற்றிப் பொட்டை எடுத்து அந்தப் பட்டன் மேல் ஒட்டினாள்.

சில வருடம் கழித்து என் மாப்பிள்ளை ஊர்வலமும் அதே காரில்தான். மாமா ஓட்டினார். பட்டன் மேல் பொட்டு அப்படியே இருந்தது. எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் யாரோ குரல் கொடுத்தார்கள், “பாவைத் தூக்குங்கப்பா.” இரண்டு பக்கமும் நின்ற மொத்தத் தெருவும் வெறும் கைகளைத் தலைக்கு மேல் தூக்கியது. முன்னால் சபாபதி அண்ணன், பக்கத்தில் அவர் மகள், அந்த ஆவணிப் புடவையில். சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுதுவிட்டேன்.

அழுத மாப்பிள்ளையைப் பற்றிப் பெண் வீட்டார் கவலையோடு விசாரிக்க, அக்கா முழுக் கதையையும் சொல்லிவிட்டாள். இப்போது பால் வாங்க ஸ்கூட்டரை எடுத்தாலும் சமையலறையிலிருந்து என் மனைவிதான் முதலில் குரல் கொடுக்கிறாள். என் பெண்ணுக்கு மூன்று வயது. அர்த்தம் தெரியாமலே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.