இருநூற்று முப்பத்தெட்டுத் தொடுகைகள்

கணினி மூன்றாம் முறையும் 163 என்றே சொன்னது. சின்னவள் அதை முறைத்தாள். ஒரு மணி நேரம் முன்புவரை இதே 163 அவளுடைய செல்லப்பிள்ளை. முந்திரிக்கொட்டை தொலைபேசியில் பேசிவிட்டு வைத்த பிறகு, அது வேண்டாத விருந்தாளி ஆகிவிட்டது.

பகலில் மருந்துக்கடை, மாலையில் உயிரியல் கணிப்பு வகுப்பு என்று இரண்டு வருடம் ஓட்டியவள் சின்னவள். இப்போது பல்கலைக்கழக லேபில் ஒரே ஓர் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. தேர்வான எட்டுப் பேருக்கும் பேராசிரியர் ஒரே கணக்கைக் கொடுத்திருந்தார்.

கணக்கு இதுதான். ஒரு சின்னப் புரதம். எழுபத்தாறு அமினோ அமிலங்கள், மணிமாலைபோல் வரிசையாகக் கோத்தவை. மாலை சுருண்டு மடங்கிக் கிடப்பதால், ஐந்தாவது மணி அறுபதாவது மணியை உரசிக்கொண்டு நிற்கலாம். அப்படி எத்தனை ஜோடிகள் ஒன்றையொன்று தொடுகின்றன? எவ்வளவு நெருங்கினால் தொடுகை என்பதை நீங்களே முடிவு செய்து, காரணத்தோடு வெள்ளிக்கிழமை நேரில் வந்து சொல்லவும்.

அவள் காரணத்தை முதலில் எழுதினாள். அணுவுக்கும் அணுவுக்கும் நடுவே நாலரை ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தால் தொடுகை. ஆங்ஸ்ட்ராம் என்பது அணு உலகத்தின் அங்குலம். கோத்திருப்பதாலேயே அடுத்தடுத்து நிற்கும் மணிகளுக்குக் கணக்கில் இடமில்லை. எழுதி முடித்துப் புரோகிராமை ஓட்டினாள். 163. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது தொலைபேசி அடித்தது.

முந்திரிக்கொட்டை அவளோடு படிப்பவன். வகுப்பில் கேள்வி முடியுமுன் கை தூக்குவதால் வந்த பெயர். அவனும் அந்த எட்டுப் பேரில் ஒருவன்.

"உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன். வேற யாருக்கும் தெரியக்கூடாது."

"சொல்லு."

"சர்டிபிகேட் குடுக்க மேடம் ரூமுக்குப் போனேன். மேஜைமேல நம்ம கேள்வித்தாள். அதுக்குமேல ஒரு மஞ்சள் சீட்டு. சீட்டுல 238."

"வேற எதுவும் எழுதலையா?"

"விடைய எழுதி வெச்சுட்டு, விடைன்னு வேற தலைப்பு போடுவாங்களா? உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"163."

"எனக்கும் முதல்ல அதேதான். பாத்தியா, ரெண்டு பேரும் ஒரே தப்பப் பண்ணியிருக்கோம்."

"என்ன தப்பு?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உன்கிட்ட பேசறேன்?"

சின்னவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பேராசிரியர் இருபது வருடமாகப் புரதங்களை அளப்பவர். தானோ ஆறு மாதமாக அளப்பவள். யார் பக்கம் தப்பு என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. எல்லையைச் சற்று இறுக்கமாக வைத்துவிட்டோம், அவ்வளவுதான். தளர்த்தினால் சரியாகிவிடும்.

ஐந்து ஆங்ஸ்ட்ராம் வைத்தாள். 201. நல்ல முன்னேற்றம். ஐந்தரை வைத்தாள். 244. தாண்டிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கினாள். 5.43க்கு 236. 5.44க்கு 239. நடுவில் எத்தனை புள்ளி வைத்துப் பார்த்தாலும் 236லிருந்து நேரே 239க்குத் தாவியது. 238 என்ற ஊரில் மட்டும் அந்த வண்டி நிற்பதாக இல்லை.

அத்தான் சாப்பாட்டு மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தார். அக்காவின் கணவர், நில அளவைத் துறையில் வேலை. நிலம் அளக்கும் சங்கிலி பிடித்த கை, வாயும் சும்மா இருக்காது.

"என்ன மச்சினி, நிலத்துல தகராறா?"

"ஒண்ணு கூட வருது அத்தான். 239 வருது, 238 வரணும்."

"வரணும்னு யாரு சொன்னது?"

"விடை அதுதான்."

"விடை தெரிஞ்சுமா அளக்கற? நாங்க அளந்துட்டுக் கல்ல நடுவோம். நீ கல்ல நட்டுட்டு அதுக்கு ஏத்த மாதிரி நிலத்த இழுக்கறியே."

"நீங்க சாப்பிடுங்க. ஆறிடும்," என்றாள் அக்கா. அது கணவனுக்கா தங்கைக்கா என்று தெரியாததால் இருவருமே பேச்சை நிறுத்தினார்கள்.

ஒன்றே ஒன்றைக் குறைக்க வேண்டும். மறுநாள் விடியற்காலையில் வழி கிடைத்தது. மாலையின் வெளிப்புறத்தில் லைசின் என்ற மணி ஒன்று ஓரிடத்தில் நிற்காமல் வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தது. ஃபைலில் அதற்கு இரண்டு நிலைகளும் பதிவாகியிருந்தன. ஒருவனுக்கு எதற்கு இரண்டு நாற்காலி? இரண்டாவதை நீக்கினாள்.

235.

அந்த நாற்காலியில் இருந்துகொண்டு லைசின் நான்கு பேரைத் தொட்டிருக்கிறது. ஒன்றைக் குறைக்கப் போய் நான்கு போயிற்று. இப்போது மூன்று வேண்டும்.

புரதத்தைச் சுற்றியிருந்த நீர் மூலக்கூறுகளையும் சேர்த்துப் பார்த்தாள். 412. ஸ்கிரீனை உடனே மூடிவிட்டு மருந்துக்கடைக்குப் போனாள். பத்து மாத்திரை கேட்டவரிடம் அட்டையை நீட்டிக்கொண்டே, "மூணு இருந்தாப் போதும்," என்றாள்.

"டாக்டர் பத்து எழுதியிருக்காரேம்மா," என்றார் அவர்.

மதிய இடைவேளையில் மூன்றும் கிடைத்தன. எல்லா நீரும் வெளியே நிற்க, ஒரே ஒரு நீர் மூலக்கூறு மட்டும் புரதத்தின் உள்ளறைக்குள் புகுந்து குடியிருந்தது. அது தொட்டது சரியாக மூன்று பேரை. அதை மட்டும் குடும்பத்தில் ஒருவராகச் சேர்த்தாள்.

238.

அந்தக் கணமே சின்னவளுக்குத் தன் முறையின்மேல் அசைக்க முடியாத நம்பிக்கை பிறந்தது. மாலைக்குள் நான்கு பக்கம் எழுதினாள். எல்லை ஏன் 5.44 என்பதற்கு ஒரு பக்கம். லைசினின் ஒழுக்கத்தைப் பற்றி ஒரு பக்கம். உள்ளே வந்த நீர் ஏன் அந்நியன் அல்ல என்பதற்கு இரண்டு பக்கம். படிக்கப் படிக்க, இதை ஆரம்பத்திலேயே ஏன் செய்யவில்லை என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

அத்தான் ஒரு பக்கத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"ஊர்த் தண்ணியையெல்லாம் விரட்டிட்டு, ஒரு சொட்டுக்கு மட்டும் பட்டா குடுத்திருக்க."

"அது உள்ள இருக்கு அத்தான்."

"உள்ள புகுந்தவனுக்கெல்லாம் பட்டா குடுத்தா என் வேலை போயிடும்."

"உங்க வேலை இருக்கட்டும். நாளைக்கு எனக்கு வேலை கிடைக்குமா, அதச் சொல்லுங்க."

அத்தான் முதல்முறையாகச் சிரிக்காமல் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "இவ்வளவு தைரியமா எழுதியிருக்கே, கிடைக்கும்."

வெள்ளிக்கிழமை, லேபுக்கு வெளியே பெஞ்சில் எட்டுப் பேரும் இருந்தார்கள். முந்திரிக்கொட்டை ஒவ்வொரு காதாகக் குனிந்துவிட்டுக் கடைசியில் அவள் காதருகே வந்தான்.

"எனக்கு வந்துடுச்சு. பக்கத்துப் பக்கத்து மணியத் தள்ளினோம்ல, அதயும் சேர்த்துட்டேன். எழுபத்தாறு மணிக்கு 75 ஜோடி. 163ஓட 75. டாண்ணு 238."

"அது தொட்டுத்தானே ஆகணும்? அதப் போயி எண்ணுவாங்களா?"

"நீ எப்படி வரவெச்ச?"

சின்னவள் நீரைப் பற்றிச் சொன்னாள். அவன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தான். அவளும் அவனை அப்படியே பார்த்தாள்.

ஒவ்வொருவராக உள்ளே போய் நிமிர்ந்த நடையோடு வெளியே வந்தார்கள். ஏழாவதாகப் போன முந்திரிக்கொட்டை வரும்போது கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். கடைசியாகச் சின்னவள் போனாள்.

பேராசிரியர் அறிக்கையைப் பிரிக்காமலே கேட்டார். "எத்தனை?"

"238, மேடம்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் இரத்தமே இல்லை. "எப்படின்னு சொல்லுங்க."

சின்னவள் சொன்னாள். எல்லை, லைசின், நீர். எங்கும் தடுக்கவில்லை. குரல் அவளுக்கே பிடித்திருந்தது. பேராசிரியர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார்.

"எட்டுப் பேர்," என்றார் கடைசியில். "எட்டு வேற வேற வழி. ஒருத்தர் பக்கத்து மணியச் சேர்த்தாரு. ஒருத்தர் ஹைட்ரஜனச் சேர்த்தாரு. ஒருத்தர் பாதிப் புரதத்த அளந்து ரெண்டால பெருக்கினாரு. நீங்க தண்ணியச் சேர்த்தீங்க. எல்லாரும் வந்து நின்ன இடம் 238. இந்தப் புரதத்துக்கு நான் என்ன சொல்லியிருந்தேன் தெரியுமா? எட்டு வருஷம் முன்னாடி கட்டுரை எழுதினேன். 163."

சின்னவள் மேஜைமேல் பிரிக்காமல் கிடந்த தன் அறிக்கையைப் பார்த்தாள். சொல்லிவிடலாம். முதல் நாள், முகம் கழுவப் போகுமுன்பே, எனக்கும் அதுதான் வந்தது என்று ஒரே வாக்கியம். ஆனால் எட்டுப் பேர் ஒரு பக்கம். பேராசிரியர் தனியாக மறுபக்கம். ஒரே ஒரு வேலை.

"எனக்கும் முதல்ல 163தான் வந்துச்சு மேடம்," என்றாள் பணிவாக. "அப்புறம் திருத்திக்கிட்டேன்."

பேராசிரியர் பேனாவை மூடி வைத்தார். "மத்த ஏழு பேரும் இத ஒத்துக்கல. தப்புன்னு தெரிஞ்சதும் திருத்திக்கிற மனசு எல்லாருக்கும் வராது. எனக்கே எட்டு வருஷம் ஆகியிருக்கு. திங்கக்கிழமை வேலைக்கு வந்துடுங்க. முதல் வேலை, பத்திரிகைக்கு ஒரு கடிதம். என் கட்டுரைய நான் திரும்ப வாங்கிக்கறேன்னு."

அவர் வெள்ளைத்தாளை எடுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். சின்னவள் எழுந்து நன்றி சொல்ல வாயெடுத்தபோது கதவு திறந்தது. லேப் பியூன் தலையை நீட்டினார்.

"மேடம், மேஜைமேல 238ன்னு ஒரு மஞ்சள் சீட்டு வெச்சிருந்தீங்களே, அதக் குடுத்தீங்கன்னா லாண்டரி மூடறதுக்குள்ள உங்க கோட்ட வாங்கிட்டு வந்துடுவேன்."