மூன்றாவது தடவை கேட்காத மார்லிஸ்

சனிக்கிழமை மதியத்துக்குள் தன் போனைக் கொன்றுவிடுவது என்று வெர்லின் முடிவு செய்தான். சாதாரண முடிவு அல்ல. நாற்பத்தொன்பது வயதில் அவன் இதுவரை கொன்றவை மீன்களும், பனி வாரும் இயந்திரங்கள் இரண்டும் மட்டுமே. அந்த இயந்திரங்களையும் ரிப்பேர் செய்கிறேன் பேர்வழி என்று தெரியாமல்தான் கொன்றான்.

புதுப் போன் வேண்டுமென்றால் மனைவியிடம் கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். மினசோட்டாவின் வடகோடியில் எதையும் கேட்கக் கூடாது. யாராவது கொடுத்தாலும் சட்டென்று வாங்கிக்கொள்ளக் கூடாது. முதல் தடவை கொடுத்தால், ‘ஐயோ, வேண்டாம்.’ இரண்டாம் தடவை, ‘உங்களுக்கு எதுக்குச் சிரமம்?’ மூன்றாம் தடவைதான், ‘சரி, இவ்வளவு சொல்றீங்க’ என்று பெரிய மனசு பண்ணி வாங்கிக்கொள்ள வேண்டும். மூன்று தடவை கேட்காமல் அந்த ஊரில் காபிகூடக் கோப்பையில் விழாது. வீடு தீப்பிடித்த ஒருவர், தீயணைப்பு வண்டியை இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டு மூன்றாம் தடவை உள்ளே விட்டார் என்று சொல்வார்கள். வெர்லினுக்கு அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

புதுப் போன் கடைக்கு வந்த அன்று இரவுச் சாப்பாட்டின்போது மார்லிஸ் தானாகவே பேச்செடுத்தாள்.

“புதுசு ஒண்ணு வந்திருக்காமே வெர்லின். வாங்கிக்கறியா? உன்னோடது குளிர்ல செத்துச் செத்துப் போகுது.”

வெர்லினின் நெஞ்சு துள்ளியது. முகத்தில் காட்டவில்லை. “சேச்சே, எதுக்கு? இதுவே நல்லாத்தான் இருக்கு.”

“நிஜமாவா? அதுல படம் எடுத்தா ஏரிக்கு அந்தப் பக்கம் நிக்கறவன் மீசைகூடத் தெரியுதாம். வாங்கிக்கோயேன்.”

“வேண்டாம்மா. பேசத்தானே போன்? யார் மீசைய நான் பாக்கணும்?”

முறைப்படி இரண்டு முடிந்தது. வெர்லின் முள்கரண்டியை வைத்துவிட்டு, மூன்றாவதுக்கு வேண்டிய முகத்தைத் தயார் செய்தான். அரை மனதும் அரைச் சிரிப்புமாக, பிறருக்காகத் தியாகம் செய்கிற முகம்.

“உப்பை இப்படித் தள்ளு,” என்றாள் மார்லிஸ்.

அவ்வளவுதான். மூன்றாவது வரவே இல்லை. அன்று வரவில்லை, மறுநாள் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில் வரும் என்று காரை மெதுவாக ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்ததுதான் மிச்சம்.

ஜாடை காட்டிப் பார்த்தான். மார்லிஸ் காதில் விழும்படி போனைத் தட்டினான், குலுக்கினான், பெருமூச்சு விட்டான்.

“பாரு, மறுபடியும் அணைஞ்சிடுச்சு.”

“அப்படியா? உள் பாக்கெட்ல வெச்சுக்கோ.”

“உள்ள வெச்சாலும் சில்லுனு ஆயிடுது.”

“அப்ப இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கோ.”

மார்லிஸ் இருபத்திரண்டு வருஷமாகப் பல் மருத்துவமனையின் முன் மேசையில் உட்கார்ந்திருப்பவள். வலிக்கவே இல்லை என்று சிரித்துக்கொண்டு வருகிறவனுக்கு எந்தப் பல் ஆடுகிறது என்பது அவன் நாற்காலியில் உட்காரும் முன்பே அவளுக்குத் தெரியும். வெர்லினோ வீடு வீடாகச் சமையல் எரிவாயு நிரப்புகிற லாரி ஓட்டுகிறவன். அவனிடம் மறைக்கிற மாதிரி எதுவும் இருந்ததில்லை. அதனால் மறைக்கப் பழகவும் இல்லை.

அவளுடைய போனும் அவனுடையதும் ஒரே நாளில் வாங்கியவை. ஒன்று எடுத்தால் இன்னொன்று இலவசம் என்ற காலத்தில் எடுத்த கறுப்பு இரட்டையர்கள். அவனுடையதற்கு வேட்டைக்காரர் ஆரஞ்சில் கவர். அவளுடையதற்கு ஊதாப்பூப் போட்ட கவர். கவரைக் கழற்றினால் பெற்ற கம்பெனிக்கே அடையாளம் தெரியாது. அதனால் மார்லிஸ் தன் போனின் முதுகில், குழந்தைகளுக்கு மருத்துவமனையில் கொடுக்கும் சிரிக்கிற பல் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவைத்திருந்தாள். ஒரு மாதமாக அவளுடைய போனில் பேசுகிறவர்கள் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து பேசினார்கள். அதை வெர்லினிடம் நாலைந்து தடவை சொன்னாள். “அணைச்சிட்டுப் போடு, சரியாப் போயிடும்” என்று அவனும் நாலைந்து தடவை சொன்னான்.

சரி, கொலைக்கு வருவோம். அந்த வீட்டில் ஒரு பொருள் சாகாமல் இன்னொன்று உள்ளே வராது. ரொட்டி சுடும் இயந்திரம்கூட ஒரு பக்கம் மட்டும் சுட்டுக்கொண்டு ஒன்பது வருஷமாகப் பணியில் இருக்கிறது. ஆகவே போன் சாக வேண்டும். அதுவும் தானாகச் சாக வேண்டும். விபத்துக்கு யாரும் மூன்று தடவை கேட்க வேண்டியதில்லை அல்லவா?

புதன்கிழமை, சமையலறையில் இருவருக்கும் பொதுவாக இருந்த டேப்லட்டில் தன் படங்களையெல்லாம் பத்திரமாக ஏற்றினான். இருநூற்றுப் பதினேழு படம். எல்லாம் மீன். பிறகு அதே டேப்லட்டிடம், எத்தனை அடி ஆழத்தில் விழுந்தால் போன் பிழைக்காது என்று விசாரித்தான். ஓரிரண்டு அடியில் விழுந்தது பிழைத்தாலும் பிழைக்கும் என்று அது பயமுறுத்தியது. வெர்லின் ஏரியில் முப்பது அடி ஆழமுள்ள இடத்தைத் தேர்ந்தெடுத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மார்லிஸ் சிங்க் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள். “ரெண்டு போன் கவரும் அழுக்கா இருக்கு. உன்னோடதையும் குடு, கழுவித் தர்றேன்.”

வெர்லின் போனை ஒரு தடவை தடவிப் பார்த்தான். கடைசிக் குளியல். நான்கு வருஷம் உழைத்த போன், சுத்தமாகப் போய்ச் சேரட்டும். எடுத்துக் கொடுத்தான். இரவு படுக்கும் முன் ஆரஞ்சுக் கவர் பளபளவென்று மேசையில் இருந்தது. தொடவே மனசு வரவில்லை. காலையில் அப்படியே எடுத்துக் கோட்டின் வெளிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினான்.

உறைந்த ஏரியின் நடுவே ஆர்லோவின் மரக் கொட்டகை நின்றது. ஆர்லோ பக்கத்து வீட்டுக்காரன். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன், ஊரிலேயே நல்லவன். மூன்றாவது தடவை கேட்காமல் அவன் யாரையும் விட்டதில்லை. தெருவில் முன்பின் தெரியாதவன் தும்மினால்கூட மூன்று தடவை கைக்குட்டை நீட்டுவான்.

கொட்டகைத் தரையில் பனிக்கட்டியைத் துளைத்த வட்டம், அதற்குள் கறுப்புத் தண்ணீர். இருவரும் ஆளுக்கொரு தூண்டிலுடன் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் ஒரு மீனும் வரவில்லை. வெர்லின் மணி பார்க்கிற சாக்கில் போனை வெளியே எடுத்தான். குளிரில் அது ஏற்கெனவே அணைந்து கிடந்தது. பாவம், வலி தெரியாமல் போகட்டும் என்று நினைத்துக்கொண்டான். கையுறை லேசாக வழுக்கியது. மூன்று நாளாகக் கார் ஷெட்டில் பழகிய வழுக்கல்.

ப்ளக்.

“ஐயையோ,” என்றான் வெர்லின். அதையும் பழகியிருந்தான்.

ஆர்லோ துள்ளி எழுந்தான். “பயப்படாதப்பா. எங்கிட்ட தண்ணிக்குள்ள விடற கேமரா இருக்கு. தேடி எடுத்துடலாம்.”

வெர்லின் அவசரமாகக் கையை ஆட்டினான். “வேண்டாம் ஆர்லோ, விடு.”

“அட, இதுல என்ன சிரமம்? அஞ்சு நிமிஷ வேலை.”

“நிஜமாவே வேண்டாம்ப்பா. போனது போகட்டும்.”

உலகத்தில் வேறு எந்த மூலையிலாவது இத்துடன் விட்டிருப்பார்கள். ஆர்லோ அவன் தோளில் கைவைத்து அன்பாகச் சிரித்தான். “நீ ரொம்பத்தான் கூச்சப்படறே வெர்லின். நான் எடுத்துத் தர்றேன்.”

மூன்றாவது. மூன்றாவதுக்கு வேண்டாம் என்று சொல்ல வெர்லினின் அம்மா அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

“சரி, இவ்வளவு சொல்றே,” என்றான் ஈனக் குரலில்.

கேமரா இறங்கியது. சின்னத் திரையில் சேறு தெரிந்தது, பிறகு ஆரஞ்சு தெரிந்தது. ஒரு பெர்ச் மீன் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போனது. ஆர்லோ மூன்று முனைத் தூண்டிலை இறக்கிக் கவரின் ஓட்டையில் மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தான். வெர்லினும் மூச்சைப் பிடித்துக்கொண்டான், வேறு காரணத்துக்காக. பாதி வழியில் கவர் மட்டும் உருவிக்கொண்டு மேலே வந்தது. போன் திரும்பவும் அடிக்குப் போய்க் குப்புற விழுந்தது.

வெர்லின் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னான்.

“என்னப்பா இது,” என்றான் ஆர்லோ, திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு. “உன் போன் முதுகுல ஒரு பல்லு சிரிக்குது.”

“சேறா இருக்கும்,” என்றான் வெர்லின். அவன் பார்க்கவில்லை. புதுப் போனைக் கறுப்பில் எடுப்பதா, நீலத்தில் எடுப்பதா என்ற யோசனையில் இருந்தான். அதற்குள் சேறு கலங்கி எல்லாம் மறைந்துவிட்டது.

சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று ஆர்லோவையும் வீட்டுக்கு அழைத்துப் போனான். அது அவன் செய்த இரண்டாவது பெரிய தப்பு.

மார்லிஸ் ஆர்லோவிடம் மூன்று தடவை கேட்டுக் காபி ஊற்றினாள். எலுமிச்சைக் கேக் துண்டு ஒன்றைத் தட்டில் வைத்தாள். வெர்லின் சாவு வீட்டுக் குரலில் நடந்ததைச் சொன்னான். கையுறையைச் சொன்னான், வழுக்கலைச் சொன்னான். முடிவில் ஆரஞ்சுக் கவரை மேசைமேல் வைத்தான்.

மார்லிஸ் கேட்டு முடித்தாள். பிறகு ஏப்ரன் பாக்கெட்டிலிருந்து ஊதாப்பூக் கவர் போட்ட போனை எடுத்தாள். கவரைக் கழற்றினாள். முதுகில் பல் இல்லை.

“இது உன்னோடது வெர்லின். காலைல உன் தங்கச்சி ரெண்டு தடவை கூப்பிட்டா. நான் பேசிட்டேன்.”

வெர்லினின் வாய் திறந்தது. பல் மருத்துவமனையில் அதைவிட அகலமாக யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

“கவரைக் கழுவி மாத்திப் போட்டுட்டேன் போல இருக்கு,” என்றாள்.

“உன்னோடதுல அந்தப் பல் ஸ்டிக்கர் இருக்குமே?”

“கண்ணாடி போட்டுக்கலை.” தூங்கும்போது மட்டுமே கழற்றுகிற அந்தக் கண்ணாடி அப்போதும் அவள் மூக்கின்மேல்தான் இருந்தது.

“அதான் அந்தப் பல்லு,” என்றான் ஆர்லோ. மர்மம் தீர்ந்ததில் அவனுக்கு ஏக சந்தோஷம்.

“அப்ப முப்பது அடி ஆழத்துல கிடக்கறது என் போன்,” என்றாள் மார்லிஸ். “நல்ல வேளை, வியாழக்கிழமையே என் படத்தையெல்லாம் டேப்லட்ல ஏத்திட்டேன். அங்க உன் மீனெல்லாம் வரிசையா இருந்துச்சு. அப்புறம் எத்தனை அடியில போன் சாகும்னு யாரோ கேட்டு வெச்சிருந்தாங்க.”

வெர்லின் சுவரைப் பார்த்தான். ஆர்லோ காபியைக் கலக்கினான், அதில் சர்க்கரையே போடாதபோதும்.

“ஒரு மாசமா எனக்கு ஒருத்தர் பேசறதும் சரியாக் கேக்கலை,” என்றாள் மார்லிஸ். இப்போது குரலில் விளையாட்டு இல்லை. “உனக்காவது நான் ரெண்டு தடவை கேட்டேன். என்னை நீ ஒரு தடவைகூடக் கேக்கலை.”

அது சுருக்கென்று தைத்தது. உண்மையாகவே தைத்தது. பெண்டாட்டியின் போனை ஏரியில் மூழ்கடித்தவன், பக்கத்து வீட்டுக்காரன் முன்னால் வேறென்ன சொல்வான்?

“நீ புதுசு வாங்கிக்கோ மார்லிஸ்.”

“ஐயோ, எனக்கு எதுக்கு?”

வெர்லினின் நெஞ்சில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. வருத்தம் வருத்தம்தான், ஆனால் வழி தெரிகிறதே. இரண்டாவதையும் சொன்னான், கொஞ்சம் அவசரமாக. “இல்லை, நீதான் வாங்கிக்கணும்.”

“வேண்டாம் வெர்லின். உன்னோட பழசையே ரெண்டு பேரும் மாத்தி மாத்தி வெச்சுக்கலாம்.”

இரண்டு முடிந்தது. இதோ இடம். வெர்லின் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். அவள் கற்றுக்கொடுத்த வித்தை அவளுக்கே. “ஆர்லோ, சர்க்கரையை இப்படித் தள்ளேன்,” என்றான்.

ஆர்லோ தள்ளவில்லை. அவன் வெர்லினைப் பார்த்தான், மார்லிஸைப் பார்த்தான். இரண்டு தடவை கேட்டு மூன்றாவது கேட்காமல் ஒரு விஷயம் நடுவீட்டில் தொங்கியதை அந்த நல்ல மனிதன் வாழ்நாளில் பார்த்ததில்லை. நாற்காலியில் நெளிந்தான். காது சிவந்தது. மார்லிஸ் ஒரு தடவைகூடக் கேட்காமல் இன்னொரு கேக் துண்டை அவன் தட்டில் வைத்தாள்.

ஆர்லோ உடைந்தான். “வாங்கிக்கோயேன் மார்லிஸ்.”

“சரி ஆர்லோ,” என்றாள் மார்லிஸ். “நீங்க ரெண்டு பேரும் இவ்வளவு சொல்றீங்க.”

திங்கட்கிழமை புதுப் போன் வந்தது. நீல நிறம். அன்று சாயங்காலம் ஜன்னலருகே நின்று ஏரிக்கு அந்தப் பக்கம் போகிற ஒருவனைப் படமெடுத்துப் பார்த்துவிட்டு, “மீசை இல்லை,” என்றாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கம்பளிப் பையை எடுத்து வந்தாள். ஆரஞ்சு நூல். கச்சிதமாக ஒரு போன் அளவு. பாலர் பள்ளிக் குழந்தைகளின் கையுறை தொலையாமலிருக்கக் கோர்த்துவிடுவார்களே, அந்த மாதிரி நீளமான கயிறும் அதிலேயே பின்னியிருந்தது. வியாழக்கிழமையே பின்னத் தொடங்கிவிட்டாளாம்.

“இந்தா, போனை இதுல போட்டுக் கழுத்துல மாட்டிக்கோ.”

“வேண்டாம் மார்லிஸ்.”

“குளிருக்கும் நல்லது. மாட்டிக்கோயேன்.”

“ஐயோ வேண்டாம். நான் என்ன குழந்தையா?”

சொல்லிவிட்டு, இத்தோடு விட்டுவிடுவாள் என்று நம்பிக்கையோடு உப்பை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினான்.

அன்றைக்குத்தான் மார்லிஸ் மூன்றாவது தடவையும் கேட்டாள்.